நேபாள மலை நடைக்கு எந்த வழிகாட்டிப் புத்தகம்? சில வருடப் பாவனைக்குப் பிறகு

அன்னபூர்ணா சுற்றுப்பாதைக்குப் போக நினைப்பவர்கள் புத்தகம் பற்றிக் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: நாட்டுக்கான புத்தகம் வேண்டாம், பாதைக்கான புத்தகத்தை வாங்குங்கள். இரண்டும் என்னிடம் இருக்கின்றன. நாட்டுப் புத்தகம் நல்ல தடிப்பு. கத்மண்டுக் கோயில்கள், சாப்பாட்டுக்கடைகள், ஹோட்டல் விலைகள் எல்லாம் உண்டு. மலை என்று வந்தால் சில பக்கங்களோடு சரி. விலை பார்க்க போனே போதும்.

பாதைப் புத்தகத்தில் அதிகம் அழுக்குப்பட்டவை வரைபடப் பக்கங்கள். ட்ரெயில்பிளேசர் போன்ற பதிப்பகங்கள் கையால் வரைந்த படங்கள் போடுகின்றன. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடக்க எவ்வளவு நேரம் என்று படத்தின் ஓரத்திலேயே இருக்கும். அது நடக்கும் நேரம் மட்டும்தான். தேநீருக்கும் படமெடுக்கவும் மூச்சு வாங்கவும் இருபது, முப்பது வீதம் கூட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரை மணலில் பழகிய கால்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டலாம்.

மட்டக்களப்பில் எந்தப் பக்கம் போனாலும் தரை சமம். அன்னபூர்ணா பாதையில் கடக்கவேண்டிய தொரோங் லா கணவாயோ 5416 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த மலையான எங்கள் பிதுருதலாகலையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் வாங்கும் முன், மேலே காற்று ஐதாவதால் வரும் உயர நோய் பற்றிய அத்தியாயத்தைத்தான் முதலில் புரட்டிப் பாருங்கள். 3000 மீற்றருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் கூட்டாதே, வழியிலுள்ள மனாங் ஊரில் மேலதிகமாக ஒரு நாள் தங்கு, தலையிடி வந்தால் மேலே போகாதே, கூடினால் இறங்கு என்று கண்டிப்பாகச் சொல்கிறதா? அரைப்பக்கத்தில் முடித்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் பதிப்பு வருடம். மனாங் வரை ஜீப் ஓடுவதால் பழைய பாதையில் பல இடங்களில் தூசிதான் மிச்சம். றோட்டைத் தவிர்த்துப் போகும் மாற்றுப் பாதைகளைப் புதிய பதிப்புகளில்தான் எதிர்பார்க்கலாம். நேபாளத்தின் இன்னொரு மலை நடைப் பகுதியான லாங்டாங் பக்கம் போவதென்றால் 2015 நிலநடுக்கத்துக்கு முந்தியதைத் தொடவே வேண்டாம். அப்போது வந்த பனிச்சரிவில் லாங்டாங் கிராமமே புதைந்துபோனது. வழிகாட்டி இல்லாமல் தனியே நடப்பதற்கு எதிரான விதி 2023 ஏப்ரலில் வந்தது. அதையும் பழைய புத்தகம் சொல்லாது.

ஒரு குறை எல்லாவற்றிலும் உண்டு: வெள்ளைக்காரக் கடவுச்சீட்டை மனதில் வைத்தே எழுதுகிறார்கள். சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவரான எங்களுக்கு வருடத்தின் முதல் வருகைக்கு 30 நாள் விசா இலவசம், அன்னபூர்ணா அனுமதிச்சீட்டும் குறைந்த கட்டணம். இதெல்லாம் ஒரு வரியில் ஒளிந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

ஒரு பதிப்பகத்தை நம்பலாமா என்று பார்க்க, அவர்களின் இலங்கைப் புத்தகத்தில் மட்டக்களப்புப் பக்கத்தை வாசிப்பேன். அறுகம்குடா விடுதிகளில் அலைச்சறுக்க வந்தவர்கள் விட்டுப்போன பிரதிகள் கிடைக்கும். எங்கள் வாவியின் பேர்போன பாடும் மீனைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு பஸ் எங்கே ஏறுவது என்று சொல்லாத ஆட்களை மலையில் நான் நம்பமாட்டேன்.

மின்நூல் பாரமில்லை, உண்மைதான். ஆனால் குளிரில் போன் பற்றரி சட்டென்று இறங்கிவிடும். நான் வேண்டிய பக்கங்களை மட்டும் வெட்டி, பொலித்தீன் உறையில் போட்டுக் கொண்டுபோகிறேன். மிச்சப் புத்தகம் வீட்டில், மாரிகால ஈரலிப்பில் பூஞ்சணம் பிடிக்காமல் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.