லயனா, கிங்ஃபிஷரா?

இலங்கையின் லயன் பியரா, இந்தியாவின் கிங்ஃபிஷர் பியரா என்று, நீலகிரிச் சொந்தங்களைப் பார்க்கப் புறப்படும் இலங்கை மலையகத்து ஆட்களுக்கு வரும் சந்தேகம் இது.

போத்தல்: லயன் 625 மில்லி, கிங்ஃபிஷர் 650.

வீரியம்: சாதா லாகர் (வெளிர் பியர்) இரண்டும் 5 சதவீதத்தை ஒட்டித்தான். லயன் ஸ்டவுட் என்ற கறுப்புப் பியர் வேறு சாதி, 8.8. நுவரெலியாக் கூதலுக்கு என் ஓட்டு அதற்கே. கருகிய கோப்பிக் கசப்பு, அடியில் கொஞ்சம் இனிப்பு, மெதுவாகத்தான் இறங்கும். இரண்டாவது போத்தலுக்கு முன் யோசியுங்கள்.

வாங்க: இங்கே இலங்கையில் வைன் ஸ்டோர்ஸ் எனும் மதுக்கடை, போயா (பௌர்ணமி விடுமுறை) என்றால் பூட்டு. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக்கில், காந்தி ஜெயந்தியன்று பூட்டு.

வெறும் போத்தல்: நீலகிரியில் 2022 முதல் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய். காட்டில் வீசினால் யானை மிதிக்கும்.

கோயம்புத்தூர் வெயிலுக்குக் கிங்ஃபிஷர், நனைந்து வீடு திரும்பும் மாலைக்கு ஸ்டவுட். லாகர் மட்டும்தான் குடிப்பீர்களென்றால் எது கிடைத்தாலும் சரி.