அட்ரஸை மாத்தச் சொன்ன இன்ஸ்டிட்யூட்

சென்னை பெரம்பூர்ல ஒரு இன்ஸ்டிட்யூட்ல சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ் படிச்சேன். நாலு மாசம், 22,000 ரூபாய், ரெண்டு தவணை. இப்ப கோயம்புத்தூர்ல ஒரு ஐடி கம்பெனியில வேலை. இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிறவங்க, "அப்ப கோர்ஸ் வொர்த்துதான்"னு முடிவு பண்ணிடுறாங்க. ஏரியா பசங்க வாரத்துக்கு ஒருத்தனாவது போன் பண்ணி, "அண்ணா, அங்கயே சேர்ந்துடவா?"ன்னு கேக்குறான். ஒவ்வொருத்தனுக்கா சொல்லி வாய் வலிக்குது. அதனால மொத்தமா எழுதிடுறேன். பேர் போடலை. கீழ மருந்துக் கடை, முதல் மாடி டியூஷன், ரெண்டாவது மாடி இவங்க. இந்த அடையாளத்துக்கு பெரம்பூர்ல நாலு இடமாவது தேறும்.

நான் வியாசர்பாடி. அரசு கல்லூரியில பி.எஸ்சி. மேத்ஸ். அதுக்கப்புறம் மூணு வருசம் அம்பத்தூர்ல பிபிஓ, நைட் ஷிஃப்ட். போன ஆகஸ்ட்ல அந்த வேலையில இருந்துக்கிட்டே சாயங்கால பேட்ச்ல சேர்ந்தேன்.

முதல்ல நல்லதைச் சொல்லிடுறேன். சார் அருமையான வாத்தியார். பகல்ல ஓஎம்ஆர்ல வேலை பார்த்துட்டு, ராத்திரி ஏழரைக்கு ஹெல்மெட்டோட கிளாஸுக்குள்ள வருவார். வந்ததும் ஒரு டம்ளர் தண்ணி, அப்புறம் நேரா போர்டு. கணேசபுரம் சப்வேயில தண்ணி நின்ன அன்னிக்குக்கூட சுத்திக்கிட்டு வந்துட்டார், கிளாஸ்ல நாங்க ஆறு பேர்தான். அந்த ஆறு பேருக்கு அன்னிக்கு எஸ்.க்யூ.எல். ஜாயின், அதாவது டேட்டாபேஸ்ல ரெண்டு டேபிளைச் சேர்த்துத் தேடுறது, சொல்லிக் கொடுத்தார் பாருங்க, ரேஷன் கடையை வெச்சு: கார்டு ஒரு டேபிள், பொருள் வாங்கின கணக்கு இன்னொரு டேபிள், கார்டு இருந்தும் இந்த மாசம் பொருள் வாங்காதவங்க யாருன்னு எப்படி எடுப்பே? அதுக்குத்தான் லெஃப்ட் ஜாயின். எனக்கு இந்த ஜென்மத்துக்கு மறக்காது.

சிவெரிட்டி (ஒரு பிழையால எவ்வளவு பாதிப்பு), பிரையாரிட்டி (அதை எவ்வளவு அவசரமா சரி பண்ணணும்) ரெண்டுக்கும் வித்தியாசம் எல்லா டெஸ்டிங் இன்டர்வியூவிலயும் கேப்பாங்க. மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சா சார் பாதியிலயே நிறுத்திடுவார். "முகப்புப் பக்கத்துல கம்பெனி பேரே எழுத்துப்பிழையோட இருக்கு. சாஃப்ட்வேர் நல்லாத்தான் ஓடுது. இப்ப சொல்லு"ன்னுவார். சிவெரிட்டி கம்மி, பிரையாரிட்டி அதிகம். யோசிச்சாதான் வரும், அதைத்தான் அவர் எதிர்பார்ப்பார். சாருக்கு மட்டும்னா அஞ்சுக்கு அஞ்சு.

லேப் சுமார். பேட்ச்ல 24 பேர், சிஸ்டம் 12, அதுல ரெண்டு எக்ஸெல்லைத் திறக்கவே மூச்சு வாங்கும். டெஸ்டைத் தானா ஓட்டுற செலினியம் டூலை ஓட்டணும்னா சொந்த லேப்டாப் வேணும். ஏசியைப் பத்திப் பேசாம இருக்கிறது மரியாதை. படிச்சதைத் திரும்பப் பார்க்க நான் ஞாயிற்றுக்கிழமைகள்ல கொளத்தூர்ல இருக்கிற முதல்வர் படைப்பகத்துக்குப் போயிடுவேன். 2024 நவம்பர்ல திறந்தது, படிக்கிற இடத்துக்கு அரை நாளைக்கு அஞ்சு ரூபாய். வீட்ல டிவி சத்தத்துக்கு நடுவுல படிக்கிறவங்களுக்கு அது பெரிய விஷயம்.

இனி பிளேஸ்மென்ட். வாசல் போர்டுல "100% வேலை உத்தரவாதம்"னு சிவப்புல எழுதியிருக்கும். உள்ள அது ஒரு வாட்ஸ்அப் குரூப். நௌக்ரி வேலைவாய்ப்பு வெப்சைட்ல நாமளே பார்க்கக்கூடிய லிங்க்கைத்தான் பிளேஸ்மென்ட் மேடம் ஃபார்வர்டு பண்ணுவாங்க. எல்லாம் ஓஎம்ஆர், சோழிங்கநல்லூர், சிறுசேரி. வியாசர்பாடியிலேர்ந்து சிறுசேரிக்கு பஸ் மாறி மாறிப் போனா, போறப்பவே ரெண்டு மணி நேரத்துக்கு மேல. நாலு வாக்-இன் இன்டர்வியூ, அதாவது நேரா போய் நிக்கிறது, போனேன். ஒண்ணுல எனக்கு முன்னாடி படிக்கட்டு வரைக்கும் கூட்டம், ரெஸ்யூமை வாங்கி அட்டைப்பெட்டியில போட்டுட்டு "கூப்பிடுறோம்"னாங்க.

எங்க ட்ரெயின் லைன்லயே பட்டாபிராம்ல 2024 நவம்பர்ல ஐடி கம்பெனிகளுக்காக 21 மாடி டைடல் பார்க் திறந்திருக்காங்க. வியாசர்பாடி ஜீவாவுல ஏறினா ஒரே ட்ரெயின். "அங்க எந்தெந்த கம்பெனி வருதுன்னு பாருங்களேன் மேடம்"னு கேட்டேன். "அதெல்லாம் இன்னும் செட் ஆகலைப்பா"ன்னாங்க. வெளியூர்னா அதைவிட மோசம். சேலம், தஞ்சாவூர், விழுப்புரம்னு மினி டைடல் வந்துடுச்சு, கோயம்புத்தூர்ல டைடல் பார்க் வந்து எவ்வளவோ வருசம். அங்கெல்லாம் யார் ஆள் எடுக்குறாங்கன்னு அவங்களுக்கு ஒரு லிங்க்கூடத் தெரியாது.

மேடம் என்கிட்ட ரெண்டு யோசனை சொன்னாங்க. முதல் யோசனை, இன்னும் 25,000 கட்டினா ரெண்டு வருச எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர். அந்த ரெண்டு வருசமும் நான் அம்பத்தூர்ல ஹெட்செட் மாட்டிக்கிட்டு இருந்தது பிஎஃப் கணக்குல பதிவாகியிருக்கு. யுஏஎன்ங்கிற பிஎஃப் நம்பரை வெச்சு சர்வீஸ் ஹிஸ்டரி எடுத்தா எந்த கம்பெனியில எப்ப சேர்ந்து எப்ப விலகினோம்னு தேதியோட வரும். வெரிஃபிகேஷன்ல மாட்டினா வேலையும் போகும், பேரும் கெடும். தம்பிகளா, இதுல மட்டும் விழுந்துடாதீங்க.

ரெண்டாவது யோசனை காசில்லாதது. ரெஸ்யூமைப் பார்த்துட்டு பேனாவால அட்ரஸைச் சுழிச்சாங்க. "வியாசர்பாடின்னு போடாதப்பா. பெரம்பூர்னு போட்டுடு. பக்கம்தானே." ஏரியா பேரைப் பார்த்தே கம்பெனிக்காரங்க ஒதுக்கிடுவாங்கன்னு அவங்க பயம். மேடம் கெட்டவங்க இல்ல. நல்லதுன்னு நினைச்சுத்தான் சொன்னாங்க, அதான் இன்னும் கடுப்பாச்சு. என்கூட படிச்சவங்கள்ல மூணு பேர் மாத்திட்டாங்க. நான் மாத்தலை. பெரிய கொள்கையெல்லாம் இல்ல, ஆதார்ல ஒண்ணு ரெஸ்யூம்ல ஒண்ணுன்னு இருந்தா யார் பதில் சொல்றதுன்னு ஒரு சோம்பேறித்தனம். அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போற வழியில எங்க ஏரியா பர்மா கடையில ஒரு பிளேட் அத்தோ நூடுல்ஸ், ஒரு முட்டை பேஜோ சாப்பிட்டேன். இந்த ருசி எந்த பெரம்பூர்ல கிடைக்கும்னு கேட்டுக்கிட்டேதான் சாப்பிட்டேன்.

கோயம்புத்தூர் யோசனை அக்காவோடது. கல்யாணம் ஆகி கவுண்டம்பாளையத்துல இருக்கா. "இங்க சரவணம்பட்டி பக்கம் பூரா கம்பெனிதான்டா, வந்து பாரு"ன்னா. நௌக்ரியில லொகேஷனை மாத்திப் போட்டேன். லிஸ்ட் சின்னது, ஆனா தினம் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தா கம்பெனி பேரெல்லாம் பழகிடும். பெரிய கம்பெனிகள் கீரணத்தம், பீளமேடு பக்கம். அதுபோக மில்லுக்கும் பம்ப் கம்பெனிக்கும் சாஃப்ட்வேர் எழுதுற 30, 40 பேர் கம்பெனிகள். இவங்க நிறைய பேர் விளம்பரமே போடுறதில்ல. அவங்க வெப்சைட்ல இருக்கிற மெயிலுக்கு நேரா நாலு வரி எழுதி அனுப்பினேன். 19 மெயிலுக்கு ஏழு பதில். வாக்-இன்ல அட்டைப்பெட்டிக்குள்ள போன ரெஸ்யூமை நினைச்சா ஏழு எவ்வளவு பெருசு!

ராத்திரி பத்து மணி சேரன் எக்ஸ்பிரஸ்ல ஏறி, காலையில அக்கா வீட்ல குளிச்சுட்டு, ஒரே நாள்ல ரெண்டு இன்டர்வியூ. முதல் இடத்துல எல்லாம் முடிச்சு, ஒரிஜினல் மார்க் ஷீட்டை ரெண்டு வருசம் அவங்ககிட்ட வைக்கணும்னாங்க. டீ நல்லா இருந்துச்சு, குடிச்சுட்டுக் கிளம்பிட்டேன்.

ரெண்டாவது இடம்தான் இப்ப நான் இருக்கிற இடம். எழுத்துத் தேர்வெல்லாம் இல்ல. ஒரு பம்ப் கம்பெனிக்காக எழுதின பில் என்ட்ரி ஸ்க்ரீனைத் திறந்து வெச்சு, "இதை உடைச்சுக் காட்டுங்க பார்க்கலாம்"னார் டீம் லீட். அளவு கட்டத்துல மைனஸ் மூணு போட்டேன், எடுத்துக்கிச்சு. மொத்தத் தொகையும் மைனஸ்ல வந்துச்சு, அதாவது கடைக்காரர் பம்ப்பும் கொடுத்து காசும் கொடுக்கணும். பிப்ரவரி 31 போட்டேன், அதைப் பிடிச்சிடுச்சு. வாடிக்கையாளர் பேர்ல வெறும் ஸ்பேஸ் மட்டும் தட்டினேன், சேவ் ஆயிடுச்சு. அவர் சிரிச்சுட்டு நோட்ல குறிச்சுக்கிட்டார். சார் நாலு மாசம் அடிச்சுச் சொன்னதெல்லாம் அந்த இருபது நிமிஷத்துல கைக்கு வந்துச்சு.

அப்புறம் முதலாளி. அவர் கேட்டதுக்குத்தான் இன்ஸ்டிட்யூட்ல யாரும் என்னைத் தயார் பண்ணலை.

"ஏனுங்க தம்பி, எல்லாரும் இங்கிருந்து மெட்ராஸ் போறாங்க. நீங்க எதுக்கு அங்கிருந்து இங்க வர்றீங்க?"

இந்த ஊர் இன்டர்வியூவோட உயிர்நாடியே இதுதான்னு பிறகு புரிஞ்சுது. வேலை கத்துக் கொடுத்து ஒரு வருசத்துல பெங்களூருக்குப் பறந்துட்டா சின்ன கம்பெனிக்குத் தாங்காது. அதனால எத்தனை வருசம் இருப்பே, எங்க தங்குவே, அம்மா அப்பா யார்கூட இருக்காங்கன்னு பொண்ணு பார்க்க வந்த மாதிரி கேக்குறாங்க. "டு லேர்ன் அண்ட் க்ரோ"ன்னு இன்ஸ்டிட்யூட்ல மாதிரிக்கு நடத்தின மாக் இன்டர்வியூவுல சொல்லிக் கொடுத்த பதிலைச் சொன்னா இங்க வேலைக்காகாது. நான் அக்கா வீட்டைச் சொன்னேன், சிறுசேரி போய் வர்ற நாலு மணி நேர பஸ் கணக்கைச் சொன்னேன், ரெண்டு வருசம் கண்டிப்பா இருப்பேன்னு சொன்னேன். அவர் ரெஸ்யூமைத் திருப்பிப் பார்த்தார். எனக்கு வயித்துல கலக்கம், மேடத்தோட பேனா ஞாபகம் வந்துடுச்சு.

"வியாசர்பாடின்னா எங்கீங்க, தாம்பரத்துக்குப் பக்கமா?"

வடக்கேன்னு சொன்னேன். "ஓ, சரிங்க"ன்னு சம்பளத்துக்குப் போயிட்டார். எனக்கு அந்த இடத்துல சிரிப்பு வந்துடுச்சு.

சம்பளம் வருசத்துக்கு 2.8 லட்சம். மாசம் 23,333ன்னு கணக்குப் போட்டுடாதீங்க. கம்பெனி கட்டுற பிஎஃப் 1,800, நம்மகிட்ட பிடிக்கிற 1,800, ரெண்டும் அதுக்குள்ளயே அடக்கம். கைக்கு 19,700 சொச்சம். அக்கா வீட்ல இருக்கிறதால ஓடுது. வாடகைக்கு இருந்தா யோசிச்சிருப்பேன். ஆபீஸ் போக இருபத்தஞ்சு நிமிஷம். முதல் வாரம் சாயங்காலம் ஆறரைக்கே வீட்ல உட்கார்ந்துக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம அக்கா பையனுக்குக் கேரம் சொல்லிக் கொடுத்தேன்.

ஆக, மொத்தமா அஞ்சுக்கு ரெண்டரை. சார்கிட்ட படிக்கணும்னா சேருங்க, லேப்டாப் இருந்தா மட்டும். வேலையும் அவங்களே வாங்கித் தருவாங்கன்னா வேண்டாம். கட்டுறதுக்கு முன்னாடி சார் இன்னும் வர்றாரான்னு கேட்டுக்குங்க.

போன மாசம் மேடம் போன் பண்ணி போட்டோ கேட்டாங்க, அனுப்பினேன். பொங்கலுக்கு வந்தப்போ போய்ப் பார்த்தா, படிக்கட்டுல புது ஃப்ளெக்ஸ். "எங்கள் சாதனையாளர்கள்." மூணாவது வரிசையில நான். பேர், கோயம்புத்தூர், ஐடி நிறுவனம், எல்லாம் சரி. அதுக்குக் கீழ ஊர்: பெரம்பூர். மாத்துங்க மேடம்னேன். "ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சேப்பா"ன்னாங்க. அடுத்த தடவை போறப்போ மார்க்கர் எடுத்துக்கிட்டுப் போகணும்.