கருதுகோள் சோதனை வகுப்பு: மூன்றாம் பாடத்துக்காக வாங்கலாம், ஏழாவதில் ஜாக்கிரதை

கண்ணில் படும் வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று சோதிக்கச் சொல்லித்தரும், பதிவு செய்து வைத்த தமிழ்க் காணொளி வகுப்பு, மொத்தம் பத்துப் பாடம். நான் புள்ளியியல் படித்தவள் இல்லை. ஒரு இணையப் பக்கத்தின் பழைய வடிவத்தைப் பாதிப் பேருக்கும் புதியதை மீதிப் பேருக்கும் காட்டி, எது எடுபடுகிறது என்று பார்ப்பது என் வேலை. மென்பொருள் பி-மதிப்பு (இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதைவிட அதிகமோ வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) 0.03 என்று காட்டினால், "புதுசுதான் நல்லது, 97 சதவீதம் உறுதி" என்று மேலாளருக்கு எழுதிவிடுவேன். நான்கு வருஷம் அப்படித்தான் எழுதினேன்.

மூன்றாம் பாடம் அதற்கு வேட்டு வைத்தது. புள்ளியியலாளர் ஃபிஷரின் தேநீர்க் கதைதான். கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா தேநீரையா என்று குடித்தே சொல்வேன் என்றார் மியூரியல் பிரிஸ்டல். எட்டுக் கோப்பை, நான்கு அப்படி, நான்கு இப்படி. இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். இந்த ஆசிரியர் எட்டுச் சீட்டு வெட்டி, அதில் நான்கைப் பொறுக்க 70 வழி இருப்பதை ஒவ்வொன்றாக எழுதிக் காட்டுகிறார். ஒன்றும் தெரியாதவர் குருட்டாம்போக்கில் நான்கையும் சரியாகச் சொல்ல 70-ல் 1 வாய்ப்பு, சுமார் 0.014. குறைந்தது மூன்று சரியாக வர 17 வழி, அதாவது 0.24. ஒரு கோப்பை தவறியதும் சான்று புஸ்ஸென்று இறங்கிவிடுகிறது. பிறகு கேட்கிறார்: "அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வெச்சுக்கிட்டுதானே இந்த 0.014-ஐயே கணக்குப் போட்டோம்? அதே எண், அவருக்குத் தெரியாம இருக்கிறதுக்கான நிகழ்தகவா எப்படி ஆகும்?" நிறுத்திவிட்டு எழுந்து நடந்தேன். நான்கு வருஷ மின்னஞ்சல்கள் கண்முன்னே வந்தன.

இன்னொரு நல்ல காரியம்: 'நல் ஹைப்பாதசிஸ்' என்று சொல்லாமல் இன்மைக் கருதுகோள் (வித்தியாசம் எதுவும் இல்லை என்ற தொடக்க அனுமானம்) என்றே சொல்கிறார். 'நல்' என்றதும் நல்ல கருதுகோள் போலிருக்கிறது, அதைக் காப்பாற்ற வேண்டும் என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள்.

நான்கு முதல் ஆறு வரை டி-சோதனை, அதாவது சராசரிகளை ஒப்பிடும் முறை. 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வில்லியம் காசெட் 1908-இல் எழுதியது என்ற வரலாறும் உண்டு. வேகத்தைக் கூட்டிவைத்துப் பார்த்தேன், நஷ்டமில்லை.

ஏழாவதில் சறுக்கல். நாணயத்தை 100 முறை சுண்டினால் 60 தலை. இசட் மதிப்பு (எதிர்பார்த்த 50-லிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி என்பது) 2, பி 0.0455, வழக்கமான எல்லைக்கோடான 0.05-க்குக் கீழே, அதனால் நாணயம் நேர்மையானது என்பதை "நிராகரிக்கிறோம்" என்று முடித்துவிடுகிறார். ஈருறுப்புப் பரவலை (இத்தனை தலை விழ எவ்வளவு வாய்ப்பு என்ற நேரடிக் கணக்கை) வைத்து விரிதாளில் நானே துல்லியமாகப் போட்டுப் பார்த்தேன்: 0.0569. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம்! இசட் முறை ஒரு தோராயம்தான்; அதை ஈடுகட்ட 60-க்குப் பதில் 59.5 என்று திருத்திக்கொண்டிருந்தால் இசட் முறையிலேயே 0.057 வந்திருக்கும். எழுதிக் கேட்டதற்கு, மாதிரி பெரிதென்றால் இது பரவாயில்லை என்று பதில். 100 முறை சுண்டிய பிறகும் முடிவு தலைகீழாகிறதே, அது எப்படிப் பரவாயில்லை? கணக்குத் தப்பைக்கூட விட்டுவிடலாம். 0.05-ஐ மதில்சுவர் மாதிரி நடத்துவதுதான் எரிச்சல். 0.0455-உம் 0.0569-உம் கிட்டத்தட்ட ஒரே அளவு சான்றுதான். பி-மதிப்பு ஒரு வரம்பைத் தாண்டியதா என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இலேயே அறிக்கை விட்டிருக்கிறது.

என்னைப் போன்றவர்களுக்கு அதிகம் தேவைப்படுவது பத்தாம் பாடத்தில் நான்கே நிமிஷம். உண்மையில் வித்தியாசமே இல்லாத 20 ஒப்பீடுகளைத் தனித்தனியாகச் சோதித்தால், ஒன்றாவது தற்செயலாக 0.05-க்குக் கீழே விழ 64 சதவீத வாய்ப்பு. பொத்தான் நிறம், எழுத்தளவு, படம் என்று வாரம் முழுக்க நாங்கள் செய்வது இதைத்தான். அதற்கு என்ன பரிகாரம் என்று சொல்வதற்குள் வணக்கம் போட்டுவிடுகிறார்.

கடைசித் தேர்வு வேறு யாரோ தயாரித்தது போலிருக்கிறது. பி 0.02 என்றால் என்ன பொருள் என்று ஒரு கேள்வி. 'இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க 2 சதவீத வாய்ப்பு' என்பதுதான் சரியான விடையாம். விடிய விடிய ராமாயணம் கேட்டுவிட்டு சீதைக்கு ராமன் சித்தப்பா! மூன்றாம் பாடத்தை நம்பி எழுதியதால் எனக்கு அதில் சுழியம். சான்றிதழில் பத்துக்கு ஒன்பது என்று போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு மார்க்குக்காக இதுவரை மூன்று மின்னஞ்சல் அனுப்பியாயிற்று.