பிரித்துப் பார்ப்பதா, மாற்றுவதா, ஓட விடுவதா?

சின்ன விமான எஞ்சினில் ஒரு பார்ட் சரியில்லை என்று கம்பெனியிலிருந்து சர்வீஸ் புல்லட்டின் என்ற அறிவிப்புக் கடிதம் வந்தால் வழி மூன்றுதான்: உடனே பிரித்துச் சோதிப்பது, சோதனையே இல்லாமல் மாற்றிவிடுவது, அடுத்த ஓவர்ஹால் (முழுசாகப் பிரித்துச் சீர்செய்வது) வரை ஓட விடுவது. விமானப் பராமரிப்பு வேலையில் இருப்பதால் எது சரி என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. சின்ன விமான எஞ்சின் செய்கிற லைக்கமிங், கான்டினென்டல் கம்பெனிகளின் எஞ்சின்களில் மூன்றுமே நடந்திருக்கிறது, அதை வைத்தே சொல்கிறேன்.

2017-இல் லைக்கமிங்குக்கு வந்த பிரச்சினை பிஸ்டனை எஞ்சினின் சுழலும் தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடின் சின்ன முனையில் இருக்கும் புஷ், அதாவது உலோக வளையம். பிஸ்டனைக் கோர்க்கிற பின் (pin) உட்காருகிற இடம் அது. அழுத்தி இறக்கியது, அப்புறம் அசையவே கூடாது. 2015 நவம்பரிலிருந்து 2016 நவம்பர் வரை கம்பெனியிலிருந்து வெளியே போன புஷ்களில் சில இறுக்கமாக நிற்கவில்லை. ஆகஸ்டில் அமெரிக்க விமானத்துறை கட்டாய உத்தரவே போட்டது, 10 மணி நேரம் ஓடுவதற்குள் சோதிக்க வேண்டும் என்று.

என்ன சோதனை? மன்னார்குடி பக்கம் சித்தப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார், லீவில் போயிருந்தபோது ஒரு 5 ஹெச்பி ஆயில் எஞ்சின் ராடை வைஸில் கடித்து வைத்து, புஷ் மேல் பழைய பின் ஒன்றை நிறுத்தி உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். அரை நூல் நகர்ந்தது. "பாத்தியா தம்பி, கையால தட்டுனாலே நகருது. ஓடுறப்ப சுத்தும், சுத்துனா ஆயில் ஓட்டை அடைஞ்சிடும், அப்புறம் பின்னை கடிச்சிக்கும்." லைக்கமிங் சொன்னதும் இதேதான், உள்ளங்கைக்குப் பதிலாக அளந்த அழுத்தம் தருகிற ஒரு கருவி, அவ்வளவு வித்தியாசம். நகர்ந்தால் ராடை மாற்று, நகராவிட்டால் மூடு. இழுவை இல்லாத பதில், எனக்கு இந்த மாதிரி சோதனை பிடிக்கும்.

ஆனால் அந்தப் பதிலைப் பெற எல்லா சிலிண்டரையும் கழற்றியாக வேண்டும், அதைத்தான் நிறையப் பேர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்த எஞ்சின்களில் சிலிண்டரைப் பிடிக்கிற நீளமான போல்ட்களில் சில கிராங்க்கேஸின் (எஞ்சினின் வெளிக்கூடு) இரண்டு பாதியையும் சேர்த்தே பிடிக்கின்றன. சிலிண்டரை எடுத்துவிட்டு மறந்துபோய் யாராவது ப்ரொப்பெல்லரைச் சுற்றினால் மெயின் பேரிங் இடம் மாறிவிடலாம், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. திரும்பப் பூட்டும்போது சிலிண்டர் அடியில் கூடுதலாகப் பெயின்ட் இருந்தால்கூட, சூட்டில் அது நசுங்கி நட்டின் இறுக்கம் குறைந்துவிடும். ஆக நன்றாக ஓடுகிற ஓர் எஞ்சினைச் சந்தேகத்தின் பேரில் பிரிப்பது என்பது ஒரு ஆபத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவது மாதிரி. பிரிக்கவே கூடாது என்று சொல்லவில்லை, அவசரத்தில், ஆள் பற்றாத ஹேங்கரில், சாயங்காலம் முடித்துக் கொடு என்ற நெருக்கடியில் பிரிக்காதே என்கிறேன்.

2023 பிப்ரவரியில் கான்டினென்டல் இந்த விஷயத்தைக் கொஞ்சம் புத்திசாலித்தனமாகச் செய்தது. கிராங்க்‌ஷாஃப்டின் கவுன்டர்வெயிட்டை, அதாவது அந்தச் சுழலும் தண்டின் அதிர்வை அடக்குகிற எடையை, நிறுத்தி வைக்கிற சின்ன வளையம் அதன் பள்ளத்தில் முழுசாக உட்காராமல் சில எஞ்சின்கள் வெளியே போயிருந்தன. 360, 470, 520, 550 வரிசை எஞ்சின்கள். விமானம் செய்கிற சிரஸ் கம்பெனி தன் சொந்த விமானங்களையே தரையில் நிறுத்தியது. ஆனால் 200 மணி நேரத்துக்கு மேல் ஓடிய எஞ்சினைத் தொட வேண்டாம் என்று கான்டினென்டல் சொல்லிவிட்டது. பூட்டும்போது நடந்த தப்பு என்றால் அது ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும், 200 மணி நேரம் தாண்டியது தாக்குப்பிடித்தது என்ற கணக்கு. இங்கே சொல்கிற மூன்று ரீகால்களில் (பார்ட்டைப் பார்க்கவோ மாற்றவோ கம்பெனி கூப்பிட்டது) எனக்கு இதுதான் முதலிடம், ஏனென்றால் யார் பிரிக்கக் கூடாது என்பதையும் அதே கடிதத்தில் சொன்னது.

கடைசியாக லைக்கமிங் கிராங்க்‌ஷாஃப்ட், 2002-இல் ஆரம்பித்து 2006 வரை இழுத்த கதை. டர்போ வைத்த பெரிய எஞ்சின்களில் கிராங்க்‌ஷாஃப்ட் உடைய ஆரம்பித்தது, உயிர்ச்சேதமும் உண்டு. அடித்துக் கொடுத்த டெக்சஸ் ஃபோர்ஜிங் பட்டறை இரும்பை அதிகமாகக் காய்ச்சிவிட்டது என்றது லைக்கமிங். பட்டறை கோர்ட்டுக்குப் போனது. உலோகத்தில் வனேடியம் சேர்க்கச் சொன்னது லைக்கமிங்தான், கோளாறு அதில்தான் என்று 2005-இல் ஜூரி பட்டறை பக்கம் தீர்ப்பு சொன்னது. (ஆர்டர் கொடுத்தவனும் அடித்தவனும் ஒருவரையொருவர் கைகாட்டுவது எல்லா ஊர் பட்டறையிலும் நடப்பதுதான்.) முதல் சுற்றுகளில் கழற்றி மாற்றுகிற செலவைக் கம்பெனி ஏற்றது. 2006-இல் இன்னும் ஆயிரக்கணக்கான எஞ்சின்களைச் சேர்த்தபோது உடனே மாற்று என்று சொல்லவில்லை: அடுத்த ஓவர்ஹால், அல்லது கிராங்க்கேஸ் பிரிகிற நாள், எப்படியும் 12 வருஷத்துக்குள் மாற்றிவிடு. பார்ட் இனாமும் இல்லை, குறிப்பிட்ட தேதிக்குள் வாங்கினால் 2,000 டாலர் என்ற தள்ளுபடி விலை, கூலி சொந்தக்காரர் தலையில்.

இதைத் திட்டாத சொந்தக்காரர் கிடையாது. விலை விஷயத்தில் நானும் அவர்கள் கட்சி. ஆனால் காத்திருக்கச் சொன்னதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். கிராங்க்‌ஷாஃப்ட் எஞ்சினின் அடிமடியில் இருக்கிறது, அதை எடுக்க மொத்தத்தையும் இரண்டாகப் பிளக்க வேண்டும். எங்கள் பக்கம் ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருகிற வரைக்கும் குறுவை நாற்றங்காலுக்கு ஆயில் எஞ்சினை நிறுத்த மாட்டார்கள், சத்தம் மாறினாலும் ஓட்டுவார்கள், தண்ணீர் வந்ததும்தான் சித்தப்பா பட்டறை வாசலில் வரிசை கட்டும். வயலில் எஞ்சின் நின்றால் ஒரு நாள் நாற்று காயும். ஆகாயத்தில் நின்றால் கதை வேறு, அதனால்தான் அங்கே காத்திருப்பதற்கு எழுத்தில் ஒரு கடைசி தேதி வேண்டியிருக்கிறது.

நாலைந்து செஸ்னா 172 வைத்திருக்கும் பயிற்சிப் பள்ளி என்னைக் கேட்டால்: பூட்டியதில் தப்பு என்றால், எஞ்சினும் புதுசு என்றால், அன்றைக்கே நிறுத்திப் பாருங்கள். உலோகத்திலேயே தப்பு, சோதனை எதுவும் கிடையாது என்றால் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம், தேதி குறித்து மாற்றுங்கள். புஷ் மாதிரி நடுவில் இருப்பது வந்தால் முதலில் லாக்புக்கை எடுங்கள், எந்தத் தேதியில் எந்தப் பார்ட் ஏறியது என்று பார்த்தாலே பாதி விமானங்கள் பட்டியலை விட்டு வெளியே வந்துவிடலாம்.

சித்தப்பாவுக்கு அந்த லாக்புக் இல்லை. ஒரே சீசனில் மூன்று எஞ்சினுக்கு ஒரே கம்பெனி புஷ் போட்டு மூன்றும் திரும்பி வந்தன, கடைக்காரர் "இனிமே வர்றது நல்லா இருக்கும்ணே" என்றதோடு சரி. வேறு யார் யார் வீட்டு எஞ்சினில் அதே புஷ் ஏறியிருக்கிறது என்று அவருக்கே நினைவில்லை. இப்போது புஷ் பாக்கெட்டைப் பிரித்தால் பேட்ச் நம்பரும் எஞ்சின்காரர் பேரும் சாக்பீஸால் சுவரில் ஏறுகிறது. போன தடவை பார்த்தபோது ஜன்னல் வரை வந்திருந்தது.