கலகாடி சஃபாரி: எதற்குப் போகலாம், எதற்கு வேண்டாம்

யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஆப்பிரிக்கா செல்பவர்களுக்குக் கலகாடி ஏற்ற இடமன்று. தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் தத்தம் தேசியப் பூங்காக்களை இணைத்து 2000ஆம் ஆண்டில் திறந்த இப்பூங்கா, கலஹாரியின் செம்மணல் மேடுகளுக்கிடையே ஏறத்தாழ 38,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. ஆனால் பயணிகள் பார்ப்பதில் பெரும்பகுதி, நல்ல மழை பெய்தாலொழிய நீரோடாத ஆவுப், நோசொப் என்னும் இரு ஆற்றுப் படுகைகளில்தான். விலங்குகள் மேய்ச்சலுக்கு அங்கே இறங்குவதாலும், சாலைகள் படுகையை ஒட்டியே செல்வதாலும், பார்வையை மறைக்கும் புதர்கள் குறைவு என்பதாலும், கரும்பிடரிச் சிங்கத்தையும் சிவிங்கிப்புலியையும் வழிகாட்டியின் துணையின்றியே காணும் வாய்ப்பு அதிகம். ஆகவே பகல் சவாரிக்குத் தனியாகப் பணம் செலவிடத் தேவையில்லை என்பது என் கருத்து.

வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பதைவிட ஒரு தண்ணீர்க் குட்டையருகே நிறுத்திக் காத்திருப்பதே பலன் தரும். ஆவுப் படுகையில், முதல் உலகப் போரின்போது ஜெர்மானியரின் தென்மேற்கு ஆப்பிரிக்கா (இன்றைய நமீபியா) மீது படையெடுப்பதற்காகத் தென்னாப்பிரிக்கர்கள் தோண்டிய கிணறுகளின் வழியாகவே இக்குட்டைகள் தொடங்கின. வெயில் ஏறத் தொடங்கியதும் கல்கௌதாரிகள் கூட்டங்கூட்டமாக வந்திறங்குகின்றன; ஆண் பறவை குடிப்பதோடு நில்லாமல், வயிற்றை நீரில் அழுத்தி, இறகுகளை நனைத்துக் குஞ்சுகளுக்குத் தண்ணீர் சுமந்து செல்கிறது. நாங்கள் பார்த்த குட்டையின் ஓரத்தில், தூங்குவதுபோலத் தலையைத் தாழ்த்திப் படுத்திருந்த நரியொன்று, கூட்டம் எழும்பிய கணத்தில் துள்ளி ஒரு பறவையை அந்தரத்திலேயே கவ்வியது. சிங்கத்தைப் பார்த்தபோதுகூட வண்டிக்குள் அத்தனை பரபரப்பு இல்லை.

பணம் கொடுத்துப் போக வேண்டியது பூங்கா வண்டியில் அழைத்துச் செல்லும் மாலைச் சவாரிக்குத்தான். சொந்த வண்டிகள் வாயில் அடைக்கும் நேரத்திற்குள் முகாம் திரும்பிவிட வேண்டும் என்பதால், பெருங்காது நரி, பழுப்புக் கழுதைப்புலி போன்ற இரவு நடமாடிகளைத் தேடிப் பார்க்க வேறு வழியில்லை. குளிர்காலத்தில் இரவு வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே போகும். திறந்த வண்டி என்பதால் கம்பளி அவசியம். கோடையிலோ பகலில் 40 டிகிரியைத் தாண்டும்.

சாலைகள்தாம் பெருங்குறை. அலையலையாக மேடுபள்ளம் விழுந்த மணற்பாதையில் டயர் காற்றைக் குறைத்துக்கொள்ளாவிட்டால் எலும்பெல்லாம் நொறுங்கிவிடும். உபிங்டனில் நாங்கள் வாடகைக்கு வண்டி எடுத்த இடத்தில் காற்றழுத்தம் பார்க்கும் கருவியைக்கூடத் தரவில்லை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் மூன்று முக்கிய முகாம்களில் மட்டுமே கிடைக்கும். மாலைச் சவாரியில் இடம் கிடைக்காதவர்கள் நோசொப் முகாமில் தங்கலாம். அங்கே குட்டையைப் பார்த்தபடி மறைவிடம் ஒன்று இருக்கிறது, இருட்டிய பிறகும் உட்கார்ந்து பார்க்கலாம். அறைகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும்.