கரவாஜ்ஜியோவை கேன்வாஸில் போட்டால்: ஒரு பிரேம் கடை அனுபவம்

அப்பா பெயர் மத்தேயு. செப்டம்பர் 21 புனித மத்தேயு திருநாள், அதற்கு இந்த வருடமும் சட்டையா என்று யோசித்து, இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜியோ வரைந்த மத்தேயுவின் மறைசாட்சி மரணப் படத்தை (விசுவாசத்துக்காக அவர் வெட்டிக் கொல்லப்படும் காட்சி) கேன்வாஸில் பிரிண்ட் போட்டுச் சட்டம் அடிக்க பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். கடை பெயர் வேண்டாம், மனுஷன் நல்லவர்.

அசல் படம் 1600-ல் முடிந்தது, ரோமில் சான் லூயிஜி தேவாலயத்தில் இருக்கிறது. 323 செ.மீ. உயரம், 343 அகலம், அதாவது கிட்டத்தட்ட சதுரம். கடையில் இருந்ததோ மூன்றுக்கு இரண்டு அடி ரெடி சட்டம், அதில் அடக்க மேல்பக்கத்தை வெட்டிவிட்டார்கள். மேகத்திலிருந்து குனிந்து, மறைசாட்சிக்கு அடையாளமான குருத்தோலையை நீட்டும் வானதூதரைக் காணோம். தரையில் கிடக்கும் மத்தேயு எதற்காகக் கையை விரிக்கிறார் என்றே புரியவில்லை. கேட்டால், "மேல வெறும் மேகந்தானே தம்பி" என்கிறார். அந்த ஓலைதான் படமேண்ணா என்று சொல்லி, தனியாகச் சட்டம் அடித்ததில் 700 ரூபாய் கூடுதல், மொத்தம் 3,400.

இரண்டாவது பிரிண்டில் வானதூதர் வந்துவிட்டார், கரவாஜ்ஜியோ போய்விட்டார். கொலைகாரனுக்குப் பின்னால் இருட்டில் திரும்பிப் பார்க்கும் தாடிக்காரர் ஓவியரேதான், தன் முகத்தையே அங்கே வரைந்திருக்கிறார். பிரிண்டில் அந்தப் பக்கம் முழுக்க அடுப்புக்கரி. போனில் தெரிகிற மாதிரி கேன்வாஸில் வராது. ஃபைலில் நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் வெளுக்க வைத்து, உள்ளங்கை அளவு சாம்பிள் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் முழுசாகப் போடச் சொல்லுங்கள். எனக்கு இது மூன்றாவது தடவைதான் உறைத்தது.

ஆனால் அந்த மூன்றாவது பிரிண்ட், சும்மா சொல்லக்கூடாது. வாள்காரனின் வெற்றுடம்பில் விழும் வெளிச்சம், வலது ஓரத்தில் வாயைப் பிளந்து கத்திக்கொண்டே ஓடும் சின்னப் பையன், இரண்டும் கிட்டப் போய்ப் பார்த்தாலும் கலங்கவில்லை. மேட் பினிஷ், டியூப்லைட் வெளிச்சம் அதில் அடிப்பதில்லை. பின்பக்கம் ஒரு மூலையில் மட்டும் மடிப்பு புடைத்துக்கொண்டிருக்கிறது, சுவரில் மாட்டினால் தெரியாது.

5 நாள் என்று சொல்லி 12 நாள் ஆனது. திருநாளுக்கு முந்தின ராத்திரி ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து பிரித்தால் அம்மா, "மாதா படத்துக்குப் பக்கத்துல வெட்டுக்குத்தா" என்றார். இப்போது ஹாலில், டிவிக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது.