வியூஃபைண்டர் தூசிக்கு ரப்பர் புளோயர் போதுமா?

வியூஃபைண்டருக்குள், அதாவது கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலுக்குள், தெரியும் தூசி படத்தில் விழாது. கடலூரில் என்னிடம் கேமராவை நீட்டி, "உள்ளே ஏதோ கறுப்பாகத் தெரிகிறது, பாருங்கள்" என்பவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன். டிஎஸ்எல்ஆர் என்ற கண்ணாடி வைத்த கேமராவில் லென்ஸ் வழியே வரும் வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் பட்டு, மேலே காட்சி விழும் சின்னத் திரையான ஃபோகஸிங் ஸ்கிரீனுக்குப் போய், அங்கிருந்து பட்டகம் வழியாகக் கண்ணுக்கு வருகிறது. படம் எடுக்கும் நொடியில் கண்ணாடி மேலே மடங்கிவிட, வெளிச்சம் நேரே படம் பதியும் சென்சாருக்குப் போய்விடுகிறது. லென்ஸ் துளையை எஃப்/16 அளவுக்குச் சுருக்கி எடுத்த வானத்தில் ஒரே இடத்தில் புள்ளி விழுந்தால்தான் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். கேமராவை அணைக்கும்போது தானாக நடக்கும் சென்சார் கிளீனிங் அதிர்வுக்கும் வியூஃபைண்டர் தூசிக்கும் சம்பந்தமே இல்லை.

ஆனாலும் கண்ணை உறுத்துகிறதே! தேவனாம்பட்டினத்தில் மாசி மகக் கூட்டத்துக்குள் லென்ஸ் மாற்றினால் மணல் புகாமல் இருக்குமா? அதற்காகத்தான் புதுச்சேரி நேரு வீதியில் அமுக்கினால் காற்று ஊதும் பெரிய ரப்பர் புளோயர் ஒன்று வாங்கினேன். சில ஆண்டுகளாக அதுதான் கைவசம். நுனியில் தூரிகை வைத்த சின்னப் புளோயர் வீண்; காற்றும் வராது, மயிரும் உதிரும். பெரியதில் அடிப்பக்கம் வால்வு இருப்பதால், ஊதிய தூசியையே மூக்கு வழியாகத் திரும்ப இழுப்பதில்லை. ரப்பர் பழசானால் உள்ளே மாவு போல் உதிரும். அதனால் முதலில் உள்ளங்கையில் நாலைந்து முறை ஊதிப் பார்த்துவிட்டே கேமராவிடம் போகிறேன்.

புள்ளி மங்கலாகத் தெரிந்தால் பெரும்பாலும் கண் வைக்கும் கண்ணாடியில் இருக்கும். அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான ஐகப்பைக் கழற்றினால் அதன் விளிம்பில் உப்பும் மணலும் அழுக்கும் கட்டியாக ஒட்டியிருக்கும். மணலை ஊதித் தள்ளிய பிறகே மைக்ரோஃபைபர் துணியைத் தொட வேண்டும், இல்லையேல் கீறல்தான். புள்ளி கூர்மையாகத் தெரிந்தால் அது ஃபோகஸிங் ஸ்கிரீனில் இருக்கிறது. லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்து, கீழிருந்து மெதுவாக ஊதுகிறேன். வேகமாக ஊதினால் தூசி ஸ்கிரீனுக்கு மேலே ஏறிக்கொள்ளும். பிறகு பிரித்தால்தான் போகும். என் கேமராவில் இடது ஓரம் கமா போல ஒன்று அப்படியே இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஸ்கிரீனைத் துடைக்க மட்டும் கூடாது. மென்மையான பிளாஸ்டிக், அதன் நுண்ணிய சொரசொரப்பு துணி பட்டால் தேய்ந்துவிடும். கல்யாணப் படம் எடுக்கும் நண்பர் ஒருவர் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தார். தூசி போனது, பனி மூட்டம் வந்து குடியேறியது. உள்ளே மடங்கும் கண்ணாடியும் அப்படித்தான், பளபளப்புப் பூச்சு முன்பக்கமே இருக்கிறது. வாயால் ஊதுபவர்களை என்ன சொல்ல? எச்சில் துளி காய்ந்தால் தூசியை விட மோசமான கறை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் தெரிவது தூசிதானா என்று கவனியுங்கள். சிலந்தி நூல் போல் கிளை பிரிந்திருந்தால் பூஞ்சை. புளோயர் அதற்கு உதவாது, சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கும்வரை அந்தக் கேமராவை மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்காதீர்கள்.